நிற்கும் கணக்கு, நிற்காத கணக்கு

திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்த ஆண்டு 1879. இதன் நான்கு இலக்கங்களையும் பெரியது தொடங்கிச் சிறியது வரை அடுக்கினால் 9871. சிறியது தொடங்கிப் பெரியது வரை அடுக்கினால் 1789. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 8082 வரும். இனி 8082-ஐ எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யுங்கள். 8820-இலிருந்து 0288 போனால் 8532. மறுபடியும் அதே வேலை. 8532-இலிருந்து 2358 போனால் 6174. இன்னும் ஒரு முறை செய்து பார்த்தால் 7641-இலிருந்து 1467 போய், மீண்டும் 6174-தான் வருகிறது. இனி எத்தனை முறை செய்தாலும் விடை மாறாது.

வேறு ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுத்துப் பாருங்கள். வீட்டு வண்டியின் எண்ணாக இருக்கலாம், பிள்ளை பிறந்த ஆண்டாக இருக்கலாம். 1111, 7777 போல நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் முதல் கழித்தலிலேயே சுழியம் வந்துவிடும். அவற்றை விட்டுவிட வேண்டும். மற்ற எந்த எண்ணில் தொடங்கினாலும் 6174-க்கே வந்து சேர்வீர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலி என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. காப்ரேகர். 1905-இல் பிறந்தவர், 1962-இல் ஓய்வு பெறும்வரை பள்ளியில்தான் வேலை பார்த்தார். எண்களோடு பொழுதைக் கழிப்பதே அவருக்கு இன்பம். இந்தக் கண்டுபிடிப்பை அவர் 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். அந்தக் காலத்துக் கணித அறிஞர்கள் பலர் அவருடைய வேலையை அற்பமான விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். 1975-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தம்முடைய அறிவியல் இதழ்ப் பத்தியில் எழுதிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இன்று நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் உலகம் முழுவதும் அவருடைய கணக்கைச் செய்து பார்க்கிறார்கள். சின்ன எண் கணக்குகளுக்கு நிரல் எழுதும்போது தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதிகள் அந்த ஒரே கணக்கில் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

மாநாடு நடந்த 1949-ஐயே எடுத்துக்கொள்வோம். 9941-இலிருந்து 1499 போக 8442. அடுத்து 5994. அடுத்து 5355, 1998, 8082, 8532, கடைசியில் 6174. ஏழு படிகள். 8082 என்ற இடத்தில் இந்தப் பாதை, நாம் முதலில் பார்த்த 1879-இன் பாதையோடு சேர்ந்துகொள்வதையும் கவனியுங்கள். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குமேல் தேவைப்படாது. 1949-க்கு அந்த ஏழும் தேவைப்படுகிறது.

இப்போது இதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு, அதன் இலக்கங்களை இருவகையாக அடுக்கி, கழித்து, விடையைத் திருப்பித் தருகிற சிறிய நிரல் துண்டு ஒன்றை எழுதுகிறோம். நம் பாடநூல்களில் இதற்குச் செயற்கூறு என்று பெயர். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் நிரல்பாகம் என்று எழுதுவார்கள். ஒரு செயற்கூறு தந்த விடையையே மறுபடி அதனிடம் கொடுத்து, வருகிற விடையை மீண்டும் கொடுத்து, இப்படியே போய்க்கொண்டிருப்பது சுழற்சி. திரும்பத் திரும்ப நடக்க வேண்டிய வரிகளைக் கட்டிவைக்கும் அமைப்பு மடக்கு. படிக்குப் படி மாறிக்கொண்டே வரும் எண்ணை வைத்திருக்கும் இடம் மாறி.

அருப்புக்கோட்டையில் கைத்தறிச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெசவாளி மிதியை மிதிக்கிறார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. நாடா குறுக்கே ஓடுகிறது. ஓர் ஊடை நூல் விழுகிறது. அதை நெருக்கித் தட்டுகிறார். மறுபடியும் மிதி, நாடா, தட்டு. ஒவ்வொரு முறையும் செயல் ஒன்றேதான். மாறுவது ஒன்று மட்டும்: நெய்த துணி ஓர் இழை கூடியிருக்கிறது. நெசவாளியின் கையசைவு செயற்கூறு என்றால், வளர்ந்துவரும் துணி மாறி. முந்தி முடிந்து சேலையின் அளவு வந்ததும் அவர் நிறுத்துகிறார். ஒவ்வோர் இழையும் சேலையை முடிவுக்கு அருகே கொண்டுபோகிறது என்பதால், என்றைக்காவது நிறுத்தத்தான் போகிறோம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

நிரலில் அந்த உறுதி தானாக வருவதில்லை. நிறுத்தும் இடத்தை நாம்தான் சொல்ல வேண்டும். அந்த இடம் கட்டாயம் வரும் என்பதையும் நாம்தான் காட்ட வேண்டும்.

முதலில் மிக எளிய கணக்கு ஒன்று. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். அருப்புக்கோட்டையின் அஞ்சல் குறியீட்டு எண் 626101. மனிதக் கண்ணுக்கு ஆறு இலக்கங்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. கணினிக்கு அது ஆறு லட்சத்து இருபத்தாறாயிரத்து நூற்றொன்று என்ற ஒரே அளவு. இலக்கங்களை நாம்தான் பிரித்துத் தர வேண்டும். பத்தால் வகுத்தால் மீதி 1, அதுதான் கடைசி இலக்கம். ஈவு 62610. அதைப் பத்தால் வகுத்தால் மீதி 0, ஈவு 6261. இப்படியே மீதிகளைக் கூட்டிக்கொண்டு, ஈவு சுழியம் ஆகும்வரை போனால் கூட்டுத்தொகை 16 என்று வந்துவிடும். இந்த மடக்கு கட்டாயம் நிற்கும். பத்தால் வகுக்க வகுக்க ஈவு குறைந்துகொண்டே வருகிறது. முழு எண் ஒன்று முடிவில்லாமல் குறைந்துகொண்டே போக முடியாது. சேலை போன்ற கணக்கு இது.

காப்ரேகரின் கணக்கில் இந்த வாதம் செல்லாது. 1949-இன் பாதையைத் திரும்பப் பாருங்கள். 1949 ஏறி 8442 ஆகிறது, 5994-க்கு இறங்குகிறது, 1998 வரை இறங்கி மறுபடி 8082-க்கு ஏறுகிறது. சீராகக் குறைவதும் இல்லை, சீராகக் கூடுவதும் இல்லை. அப்படியிருக்க, எல்லா எண்களும் 6174-க்கு வரும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

கணினி இருந்தால் எல்லா எண்களையும் சோதித்துவிடலாம். 0001-இலிருந்து 9998 வரை, ஒரே இலக்கம் நான்கு முறை வருபவை நீங்கலாக, 9,990 எண்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். கையால் செய்தால்? அதற்கும் வழி இருக்கிறது, அது அழகான வழி. அடுக்கி வைத்த நான்கு இலக்கங்களில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் ஆயிரத்தின் இடத்தையும் ஒன்றின் இடத்தையும் மாற்றிக்கொள்கின்றன. ஆகவே அவற்றின் இடைவெளியில் ஒவ்வோர் ஒன்றுக்கும் விடையில் 999 சேரும். நடுவில் உள்ள இரண்டும் நூறின் இடத்தையும் பத்தின் இடத்தையும் மாற்றிக்கொள்கின்றன. அவற்றின் இடைவெளியில் ஒவ்வோர் ஒன்றுக்கும் 90 சேரும். 1949-இல் 9-க்கும் 1-க்கும் இடைவெளி 8, அதனால் 7992. நடுவில் 9-க்கும் 4-க்கும் இடைவெளி 5, அதனால் 450. கூட்டினால் 8442. நாம் கழித்துப் பெற்ற விடையே வந்துவிட்டது.

இதன் பொருள் என்ன? விடையைத் தீர்மானிப்பவை அந்த இரண்டு இடைவெளிகள் மட்டுமே. முதல் இடைவெளி 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு இடைவெளி சுழியத்திலிருந்து முதல் இடைவெளி வரை இருக்கலாம், அதற்குமேல் போகாது. முதலாவது 1 என்றால் இரண்டு வாய்ப்பு, 2 என்றால் மூன்று வாய்ப்பு, 9 என்றால் பத்து வாய்ப்பு. எல்லாம் கூட்டினால் 54. தொடங்கும் எண்கள் 9,990 இருந்தாலும் முதல் படி முடிந்ததும் நம் கையில் இருக்கக்கூடியவை 54 எண்கள்தான். அந்த 54-ஐயும் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் சோதித்து முடித்துவிடலாம். அது முழுமையான நிறுவல், கணினி தேவையில்லை. கணினி தருகிற 9,990 'ஆமாம்'களைவிட இந்த 54 எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், இதில் விடையோடு விளக்கமும் கிடைப்பதுதான்.

நிரல் எழுதும்போது இன்னொரு சோதனையும் கைகொடுக்கும். இலக்கங்களை எப்படி அடுக்கினாலும் அவற்றின் கூட்டுத்தொகை மாறாது. ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கக் கூட்டுத்தொகையை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே என்பது பள்ளியில் படித்ததுதான். ஆகவே ஏறுவரிசை எண்ணும் இறங்குவரிசை எண்ணும் ஒரே மீதி தருபவை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீதி சுழியமாகிவிடும். இந்தக் கணக்கில் முதல் படிக்குப் பிறகு வரும் எந்த எண்ணும் 9-ஆல் வகுபடும். மடக்கு எத்தனை முறை சுழன்றாலும் மாறாமல் இருக்கும் இப்படிப்பட்ட பண்பை மாற்றமிலி என்று சொல்லலாம். உங்கள் நிரல் 9-ஆல் வகுபடாத எண் ஒன்றைத் துப்பினால், எங்கோ பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் மாற்றமிலி கண்டுபிடிக்காத பிழையும் உண்டு. 2111-ஐ எடுங்கள். 2111-இலிருந்து 1112 போனால் 999. நாம் தாளில் 0999 என்று எழுதி, 9990-இலிருந்து 0999-ஐக் கழித்து 8991 என்று மேலே போவோம்; அதிலிருந்து 8082, 8532, 6174. கணினிக்கோ முன்னால் நிற்கும் சுழியம் ஒரு பொருட்டே அல்ல; 999 என்பது அதற்கு மூன்று இலக்க எண். 999-ஐ எப்படி அடுக்கினாலும் 999, கழித்தால் சுழியம். 9-ஆல் வகுபடுகிறதா என்றால், வகுபடுகிறது. சோதனையில் தேறிவிட்டது, விடை மட்டும் தவறு. நான்கு இடங்களை எப்போதும் நிரப்பி வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் கணினி அதைச் செய்யும். நிரல் எழுதுபவருடைய உழைப்பில் பெரும்பகுதி, மனிதர் சொல்லாமலே புரிந்துகொள்ளும் இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வதில்தான் போகிறது.

சரி, நான்கு இலக்கத்திலிருந்து ஆறு இலக்கத்துக்குப் போவோம். நிரலில் 'முந்தைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாகும்வரை சுற்று' என்று எழுதிவிட்டு 626101-ஐக் கொடுக்கிறோம். 662110-இலிருந்து 011266 போக 650844. பிறகு 820872, 864432, 629964, 749943, 652644, 420876. ஏழு படி ஆகிவிட்டது, இன்னும் நிற்கவில்லை. தொடர்ந்தால் 851742, 750843, 840852, 860832, 862632, 642654. அடுத்தது? 665442-இலிருந்து 244566 போனால் 420876. ஏற்கெனவே வந்த எண்! இனி இதே ஏழு எண்களும் இதே வரிசையில் வந்துகொண்டே இருக்கும். முந்தைய எண்ணும் புதிய எண்ணும் என்றைக்கும் ஒன்றாகப் போவதில்லை. நிரல் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. திரையில் விடையும் வராது. மின்சாரம் இருக்கும்வரை கணினி சுற்றிக்கொண்டே இருக்கும்.

திருச்சுழியின் குறியீட்டு எண் 626129. அது 843552, 620874 என்று போய், மூன்றாவது படியிலேயே 851742-இல் ஏறி அதே வளையத்துக்குள் விழுந்துவிடுகிறது. ஆறு இலக்கத்தில் நிற்கும் எண்கள் இல்லாமல் இல்லை. 549945 ஒன்று, 631764 இன்னொன்று; இவை இரண்டும் தம்மையே விடையாகத் தருபவை. இரண்டு நிலையான எண்கள், ஏழு எண் கொண்ட ஒரு வளையம் – எல்லா இலக்கமும் ஒன்றாக இருப்பவை நீங்கலாக, ஆறு இலக்கத்தில் தொடங்கும் பயணம் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றில்தான் முடியும். ஐந்து இலக்கத்தில் நிலையான எண்ணே கிடையாது, வளையங்கள் மட்டுமே. மூன்று இலக்கத்தில் 495. இரண்டு இலக்கத்தில் 09, 81, 63, 27, 45 என்று ஐந்தெண் வளையம். நான்கு இலக்கத்தில் நடந்தது எல்லா இடத்திலும் நடக்கும் என்று நம்பி நிரல் எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

ஆனாலும் ஓர் உறுதி நமக்கு உண்டு. ஆறு இலக்க எண்கள், சுழியத்தில் தொடங்குபவற்றையும் சேர்த்தால், பத்து லட்சம்தான். ஒவ்வொரு படியிலும் அந்தப் பத்து லட்சத்தில் ஒன்றில்தான் நாம் இருக்க முடியும். பத்து லட்சம் படிக்குமேல் போனால், வந்த எண் ஒன்று மறுபடி வந்தே ஆக வேண்டும். ஒருமுறை வந்த எண் மறுபடி வந்தால், அதன் பின்னால் வருபவையும் பழைய வரிசையிலேயே வரும், செயற்கூறு அதேதானே. எனவே நிலையான எண்ணிலோ வளையத்திலோ முடியும் என்பதில் ஐயமில்லை. நிரலை நிறுத்துவதற்கான சரியான நிபந்தனையும் இதிலிருந்தே கிடைக்கிறது: வந்த எண்களை எல்லாம் குறித்துக்கொண்டே போக வேண்டும்; புதிதாக வரும் எண் குறிப்பில் ஏற்கெனவே இருந்தால் நிறுத்திவிட வேண்டும். 626101-க்கு இது பதினான்காவது படியில் நிற்கும்.

எல்லா எண்களையும் நினைவில் வைக்க இடம் போதாது என்றால் அதற்கும் ஒரு நுட்பம் உண்டு. நிரலர்கள் அதை ஆமை–முயல் முறை என்பார்கள். ஒரே எண்ணில் இரண்டு மாறிகள் கிளம்புகின்றன. ஒன்று ஒவ்வொரு படியாகப் போகும், மற்றது இரண்டிரண்டு படியாகப் போகும். வளையம் இருந்தால் வேகமானது மெதுவானதை என்றாவது பிடித்துவிடும். நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு எண்கள் மட்டும். அருப்புக்கோட்டைக் குறியீட்டை வைத்துச் செய்தால், மெதுவானது ஏழாவது படியில் 420876-இல் இருக்கும்போது, வேகமானது பதினான்காவது படிக்குப் போய் அதே 420876-இல் இருக்கும். தாளில் செய்து சரிபார்க்கலாம்.

இங்கே நமக்கு உதவியது, எண்கள் ஆறு இலக்கத்தைத் தாண்டாது என்பதுதான். அந்த எல்லையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஜெர்மானியக் கணிதர் லோதர் கோலாட்ஸ் 1937-இல் எழுப்பிய கேள்வி இது. ஓர் எண் இரட்டைப்படை என்றால் பாதியாக்கு; ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. 1 வந்தால் நிறுத்து. 6-இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1. எட்டுப் படியில் முடிந்தது. 27-இல் தொடங்கினால் 9232 வரை ஏறி, 111 படிகளுக்குப் பிறகே 1-க்கு இறங்கும். இதற்கான செயற்கூறு மூன்று நான்கு வரிதான். பதினோராம் வகுப்பு மாணவி எழுதிவிடுவாள். எல்லா எண்ணுக்கும் அது நிற்குமா என்பதை இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. 68 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் வரை சோதித்துவிட்டதாக 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லாம் 1-க்கு வந்துவிட்டன. ஆனாலும் அது நிறுவல் ஆகாது. சேலைபோல ஒரே திசையில் போகிற அளவும் இதில் இல்லை, பத்து லட்சம் என்ற எல்லையும் இல்லை.

நிரலைப் படித்துப் பார்த்து, நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடும் ஒரு பெரிய நிரலை எழுதினால் போதுமே என்று தோன்றலாம். எந்த நிரலைக் கொடுத்தாலும் சரியாகச் சொல்லும் அப்படிப்பட்ட பொது வழி இருக்கவே முடியாது என்று காட்டியது 1936-இல் ஆலன் டியூரிங் எழுதிய கட்டுரை. அவருடைய தாயார் எத்தெல் சாரா பிறந்தது நம் கோவை போத்தனூரில், 1881-இல். தாய்வழித் தாத்தா மதராஸ் ரயில்வேயில் பொறியாளர். டியூரிங் சொன்னதன் பலன் இதுதான்: ஒவ்வொரு மடக்குக்கும் அது நிற்பதற்கான காரணத்தை, எழுதுகிறவரே தனியாக யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் பள்ளிகளில் மடக்குப் பாடம் வரும்போது இலக்கங்களைக் கூட்டுவது, எண்ணைத் தலைகீழாக்குவது போன்ற பயிற்சிகளைக் கொடுக்கிறோம். வெளியீடு என்ன வரும் என்று கேட்டு மதிப்பெண் போடுகிறோம். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். இந்த மடக்கு ஏன் நிற்கும் என்று மாணவர்கள் தங்கள் சொந்தத் தமிழில் இரண்டு வரி எழுதட்டும். அந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் போடுங்கள்.